திதிக்கு விட்ட இடம்

கடைக்காரப் பெடியன் லெனாட் மூன்று டப்லெட் கொம்பியூட்டர்களைக் கண்ணாடி மேசையில் அடுக்கிவைத்ததும் பஞ்சலிங்கம் பார்த்தது பாரத்தைத்தான். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, சந்தையில் வெங்காயம் வாங்குகிறவர் மாதிரி மேலும் கீழும் ஆட்டினார். வெளியே சுன்னாகம் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"இது பாரமில்லை கௌரி. கட்டிலிலை கிடந்துகொண்டும் பிடிக்கலாம்."

"எழுத்துச் சின்னனாய்த் தெரியுமப்பா. பெரிசை எடுப்பம்" என்றாள் மனைவி ஜெயகௌரி.

சண்டிலிப்பாய் வீட்டிலிருந்த கொம்பியூட்டர்தான் பன்னிரண்டு வருடமாக அவர்களுக்குச் சோறு போட்டது. இப்போதெல்லாம் அதைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்துக் குடித்து முடித்த பிறகுதான் அது எழும்பும். செத்தவர்களுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகங்களைச் செய்வது அவர்கள் தொழில். படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், செத்த மாதத்தையும் திதியையும் சொல்லும் வெண்பா எல்லாவற்றையும் அவள் அடிப்பாள். கூட்டுறவுச் சங்கக் கடை வேலையை விட்டபிறகு அவர் வரிக்கு வரி விரலை வைத்துப் பிழை பார்ப்பார். அந்த விரலைத் தாண்டி ஒரு பிழை செத்தவீட்டுக்குப் போனதில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் வயிற்றில் கட்டும் நீரை எடுக்க அவர் ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டியிருந்தது. கட்டிலடியில் இருந்து வேலை செய்வதற்குத்தான் இந்த டப்லெட். ஆனி மாதம் டொக்டர் அவளை மட்டும் வெளியே கூப்பிட்டு, ஈரல் இனித் தேறாது, கூடினால் ஆறு மாதம் என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மருந்து ஒத்துவருகிறதாம் என்று அவரிடம் சொன்னாள். அந்தப் பொய்யைக் கடைசிவரை காப்பாற்றிவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

"பழைய வேலையள் இதிலை ஒழுங்காய்த் திறக்குமோ தம்பி?" என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

"ஒண்டைத் திறந்து பாப்பம் அண்ணை."

அவள் கொண்டுவந்திருந்த பென் ட்ரைவை லெனாட் பெரிய டப்லெட்டில் செருகினான். கடைசியாகத் தொட்ட வேலை பட்டியலில் முதலாவதாக நின்றது. அது எது என்று அவளுக்கு நினைவு வருவதற்குள் அவன் தட்டிவிட்டான்.

திரையில் பஞ்சலிங்கம் வேட்டி சால்வையோடு சிரித்தார். மருமகளின் கலியாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற தன்னை அவள் வெட்டி எடுத்திருந்தாள், ஆனாலும் சேலைக் கரை கொஞ்சம் மிஞ்சியிருந்தது. படத்துக்கு மேலே 'அமரர்' என்று இருந்தது.

லெனாட் படத்தைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான். "அண்ணை, நான் வேறை ஒண்டை..."

"நில்லும் தம்பி."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வழமைபோல வரிக்கு அடியில் விரலை வைத்தார். விரல் பட்டதும் பக்கம் நழுவி ஓடியது. திரும்ப இழுத்து வந்து, இந்தமுறை விரலை மட்டுமட்டாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.  டொக்டர் சொன்ன அன்று ஜெயகௌரி அழக்கூட இடமில்லாமல் வீட்டுக்கு வந்து, கைக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். அதை எப்படிச் சொல்வது? அழிக்க மனம் வராமல், போன கிழமையும் திறந்து திருத்தியதை எந்த முகத்தோடு சொல்வது? தன்னையே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

"சங்கக் கடையிலை நான் பதினொரு வருசம்" என்றார் அவர். "ஒன்பதெண்டு போட்டிருக்கிறாய்."

"மாத்துறன்."

ஒவ்வொரு பிழைக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மனைவி புலம்பலையும் முழுதாக வாசித்து முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அங்கேதான் வெண்பா இருந்தது. திதிக்குரிய இடத்தில் வெறும் புள்ளிகள். மாதத்துக்குரிய இடத்தையும் அவள் முதலில் அப்படித்தான் விட்டிருந்தாள். ஆனால் வெறும் புள்ளிகளை வைத்துக்கொண்டு ஓசை பார்க்க முடியாது. போன கிழமை ஆனியிலிருந்து ஆறு மாதத்தை விரல் மடித்து எண்ணி, ஒரு மாதத்தை அதில் போட்டுப் பார்த்தாள். பார்த்தவள் எடுக்க மறந்துபோனாள்.

"மார்கழியோ" என்றார் பஞ்சலிங்கம்.

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. ஓமென்று தலையை ஆட்டினாள்.

அவர் அந்த நாலு வரியையும் வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

"தளை தட்டேல்லை" என்றார்.

லெனாட் மற்ற இரண்டு டப்லெட்டையும் சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்தான். அவருடைய விரல் இன்னும் அந்தச் சொல்லுக்கு மேலேயே நின்றது. யாரும் தொடாததால் திரை மெல்ல மங்கியது. அவர் விரல் நுனியால் ஒருமுறை தட்டினார். வெளிச்சம் திரும்ப வந்தது. மார்கழி அங்கேயே இருந்தது, அதற்குப் பக்கத்தில் புள்ளிகளும்.