அத்தை சொன்ன பாதி

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு வரும் மல மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஆனால் அன்று காலை வந்த நாற்பத்தொன்றாம் எண் யாருடையது என்று அத்தைக்குத் தெரியும். தம்பி மகன், வீட்டில் எல்லோரும் 'உருண்டை' என்று கூப்பிடும் பத்து மாதக் குழந்தை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மாடி வார்டில் குளுக்கோஸ் ஏறக் கிடந்தான்.

குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் எந்த ரகம் என்று கண்டுபிடிப்பதுதான் பதினைந்து வருடமாக அவள் வேலை. அதற்கான தடுப்புச் சொட்டு மருந்து வருவதற்கு முன்பு ஒரு ரகம் ஊரையே ஆட்டிவைத்தது. மருந்து வந்தபின் நோயும் குறைந்தது, அந்த ரகமும் ஒதுங்கியது, வேறொன்று தலைகாட்டியது. போன வருடம் சாப்பாட்டு மேஜையில் இதைத்தான் பெருமையாகச் சொன்னாள்: "வைரஸ் ஆளே மாறிடுச்சு."

"சோத்துல கை வச்சாத்தான் அக்காவுக்குப் பேதி ஞாபகம் வரும்" என்று தம்பி சிரித்தான். மாசமாயிருந்த அவன் மனைவியும் சிரித்தாள். பேச்சு அதோடு நின்றது.

பிற்பகலில் முடிவு வந்தது. பழைய ரகம். பதிவேட்டில் இரண்டு வருடமாக வெறுமையாகக் கிடந்த அந்த ரகத்துக்கான பத்தியில் ஒரு குறி போட்டுவிட்டு மாடி ஏறினாள்.

"சொட்டு மருந்து எத்தனை தடவை குடுத்தே?"

தம்பி மனைவி தலை நிமிரவில்லை. "அது மட்டும் வேணாம்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டேன் அண்ணி. வைரஸ் மாறிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. மாறினதுக்குப் பழைய மருந்து எதுக்குன்னு..."

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பழசு எங்கயும் போகலம்மா. மருந்து குடிச்ச பிள்ளைங்ககிட்ட அண்ட முடியாம பதுங்கியிருக்கு. ரகம் மாறினாலும் நோய் முத்தாம அந்த மருந்து பெரும்பாலும் காப்பாத்தும். அதைச் சொல்லாம நான் கை கழுவ எந்திரிச்சிட்டேன்."

"இப்ப ரெண்டு சொட்டு விட்டா?" என்றான் தம்பி.

"வந்த நோய்க்கு அது மருந்தில்லடா."

"வேற?"

"இல்ல. போற தண்ணியை ஈடுகட்டிக்கிட்டே காத்திருக்கணும்."

உருண்டை அழுதான், கண்ணீர் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மூத்த பிள்ளைக்குத் துணையாக இருந்தவள், மடியிலிருந்த கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ, நாளைக்கு எங்க பாப்பாவுக்குச் சொட்டு மருந்து நாள். குடுக்கலாங்களா?"

"தவறாம குடுங்க. வைரஸ் எப்படி மாறுதுன்னு பாக்குறது எங்க வேலை. நாள் தப்பாம மருந்து குடுக்கறது உங்க வேலை. சந்தேகம் வந்தா முழுசா கேளுங்க." அத்தையின் குரல் இறங்கியது. "தெரிஞ்ச நான் பாதிதான் சொன்னேன். கேட்டவ பாதியோட போனா. அதுக்கு நடுவுலதான் இவன் கிடக்கிறான்."