ஓஸ்டிங்காவின் மாட்டின் மேல் கால் வைத்தல்

1

ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்குவேர் ரயிலடிக்குப் பின்னால் இந்தியக் குடும்பங்கள் நிறைந்த குடியிருப்பில் யாரும் சொல்லாமல் எல்லோரும் கடைப்பிடித்த விதி ஒன்றுண்டு: முற்றத்தில் படுத்திருக்கும் கல்மாட்டின் மேல் கால் படக்கூடாது. இக்கதை அந்த விதியிலிருந்து பிறந்தது. மாட்டைச் செதுக்கிய டச்சுச் சிற்பி ஹில்பெர்ட் ஓஸ்டிங்காவை நான் பிறகுதான் படைத்தேன். (கலைக்களஞ்சியங்களில் தேட வேண்டாம்.)

2

முதல் தொடக்கம்: “இருபதாம் நூற்றாண்டு டச்சுச் சிற்பத்தில் தொடுவுணர்வின் அழகியல் என்பது...” கைவிடுகிறேன். கட்டுரை வாடை அடிக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: பால்பண்ணைக்காரரின் மகனான ஓஸ்டிங்கா வாழ்நாளெல்லாம் மாடுகளையே செதுக்கினார். முதுகை மட்டும் சொரசொரப்பாக விட்டுவிடுவார். குழந்தைகள் ஏறியேறித்தான் அது மெருகேற வேண்டுமாம். ஓர் அருங்காட்சியகம் அவருடைய மாட்டைச் சுற்றிக் கயிறு கட்டியபோது தாமே அதை அறுத்தெறிந்து, “கட்டிப் போட்டால் பால் கூடுமா?” என்று கேட்டார்.

இது இருக்கட்டும்.

3

1997, கோடை. சாந்தாமணி ஈரோட்டுக்காரர். அவருடைய கணவர் மன்ஹாட்டன் வங்கியொன்றில் கணினி வேலை பார்த்தார். வீடு திரும்ப இரவாகிவிடும். சாந்தாமணி காலைதோறும் முற்றத்துக்கு வந்து, கோயில் நந்தியிடம் சொல்வதுபோல், மாட்டின் காதில் அன்றாடக் கதைகளைச் சொல்வார். முதுகு சொரசொரப்பாகவே இருக்க, அந்த ஒரு காது மட்டும் பளபளத்தது.

(தனிமையைக் காட்டக் கல்லை நாடுவது மலிவான உத்தி என்று கருத்தரங்கில் நானே பேசியிருக்கிறேன். ஆனால் இவர் சிரித்துச் சிரித்தல்லவா சொல்கிறார்! நீக்க மனம் வரவில்லை.)

அந்த வாரம் குடியிருப்பின் மேலாளர் அறிவித்தார்: யாரும் ஏறி விளையாடாத கல் எதற்கு? வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சறுக்குமரம் வைக்கப்படும்.

அதே குடியிருப்பிலிருந்த, கலை வரலாறு படிக்கும் ஷ்யாமளா, சாந்தாமணியிடம் ஓடிவந்தாள்.

“ஆன்ட்டி, பசங்கள ஏறி play பண்ண விடுங்க. மேனேஜர் பாத்தா மாட்ட எடுக்காம விட்டுடுவார். சிற்பி அதுக்குத்தான் செஞ்சதே!”

“நந்தி மேலயா? நல்லாச் சொன்ன கண்ணு!”

“நந்தியே இல்ல ஆன்ட்டி. மடி இருக்கு பாருங்க. பசு.”

சாந்தாமணி குனிந்து பார்த்தார். “அடக் கெரகமே! இத்தன நாளா பசுமாட்டுக் காதுலயா பொலம்பிட்டிருந்தேன்?” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகம் மாறியது. “அப்ப இன்னும் மோசமாச்சே. லட்சுமி மேல கால் வெப்பாங்களா?”

4

முதல் முடிவு: லாரி மாட்டை ஏற்றிச் செல்ல, சாந்தாமணி சறுக்குமரத்தின் அருகே... வேண்டாம். அழுகை இக்கதைக்கு ஒவ்வாது.

இரண்டாம் முடிவு: ஓஸ்டிங்காவே விமானமேறி வந்து... அவர் இறந்துவிட்டதாக முதல் வரைவிலேயே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

ஆகவே, மேலாளர் என்ன முடிவெடுத்தார் என்பதை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவே: வெள்ளிக்கிழமை காலை, வாசலில் லாரி. மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். ஷ்யாமளா கெஞ்சியும் குழந்தைகள் அசையவில்லை.

“நோ வே! அம்மா வில் கில் மீ,” என்றாள் அவர்களில் ஒருத்தியான யாமினி.

சாந்தாமணி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். சேலையை இழுத்துச் செருகினார். பளபளத்த காதில் ஏதோ சொன்னார்.

“அக்கா! என்ன பண்றீங்க?” என்று பதறினாள் யாமினியின் அம்மா.

“பின்ன, நாளைக்கு நான் அந்தச் சறுக்குமரத்துகிட்டயா பேசறது?”

பசுவின் மடக்கிய முழங்காலில் ஒரு கால், சொரசொரத்த முதுகில் மறுகால். உச்சியில் ஏறி நின்றுகொண்டு கையை நீட்டினார்.

“ஏறு யாமினி. இடம் இருக்குது.”