நடுக்குரல்

1

இந்தக் கதை துணி துவைக்கும் அறையில் ஆரம்பித்தது என்று ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பாடகிகளைப் பற்றிய கதை மேடையிலோ வானொலி நிலையத்திலோ ஆரம்பித்திருக்கலாம். என்ன செய்வது? அமெரிக்காவில், அயோவா மாநிலத்துச் சீடர் ராப்பிட்ஸில், பழைய செக் மக்கள் குடியிருப்பில், எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் மில்லி ஸ்கலா தலையணை உறைகளை மடித்தபடி எதையோ முனகிக்கொண்டிருந்தார். நான் அயோவாவுக்கு வந்து வெகுகாலம் ஆகிறது. இந்தப் பக்கத்துப் பழைய பாட்டு எதையும் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம். இது பிடிபடவில்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே இடத்தில் நின்று அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே நின்றது.

“என்ன பாட்டு மில்லி இது?”

“பாட்டு இல்லம்மா. பாட்டோட நடு.”

“நடுன்னா?”

“அக்கா தங்கச்சி மூணு பேரும் ஒரே நேரத்துல வேற வேற சுரத்துல பாடுவோம். மேல ஜார்ஜி, கீழ அல்பீனா, நடுவுல நான். அவங்க ரெண்டு பேரும் இல்லாம இத மட்டும் கேட்டா மாவு பிசையற சத்தம் மாதிரிதான் இருக்கும்.”

2

இதைக் கதையாக்க நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: “1946இல், ஒரே துணியில் தைத்த மூன்று கவுன்களை அணிந்த மூன்று சகோதரிகள்…”

(விட்டுவிட்டேன். அந்தக் காலத்துச் சகோதரிக் குழுக்கள் எல்லாமே அப்படித்தான் உடுத்தின.)

இரண்டாவது: “மூன்று தலைகளும் ஒரே மைக்கை நோக்கிச் சாய்ந்தபோது…”

இதை மில்லியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். சிரித்துவிட்டார்.

“சாயறதாவது! அல்பீனாவுக்குத் தொண்டை பெருசு, அவள ரெண்டடி பின்னால தள்ளிதான் நிறுத்துவோம். ஜார்ஜி பக்கவாட்டுல. நான் மட்டும் மைக்குக்கு முத்தம் குடுக்கற மாதிரி நிப்பேன். அப்பவும் என் குரல் ஒருத்தருக்கும் கேக்காது.”

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். அல்பீனா மூத்தவள், மில்லி நடு, ஜார்ஜி கடைசி. ஒரு மாவுக் கம்பெனியின் காலை வானொலி நிகழ்ச்சியில் ஆரம்பித்தார்கள். பிறகு சனிக்கிழமை நடன அரங்குகள், பிறகு சிகாகோவில் இசைத்தட்டுகள். 1953இல் அல்பீனா ஒரு பன்றிப் பண்ணைக்காரரைக் கட்டிக்கொண்டு பாட்டை விட்டாள்.

(அடித்தளத்தில் “அவர்”, கதைக்குள் வந்ததும் “அவள்”. மில்லிக்குத் தமிழ் தெரியாதது எனக்கு வசதி.)

3

சிகாகோவில் இசைத்தட்டுப் போடுகிறவருக்குக் கெஸ்லர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவரிடம் புதிதாக ஒரு டேப் கருவி வந்திருந்தது. ஒருத்தி பாடியதன் மேலேயே அவளை மறுபடி பாடவைத்துச் சேர்க்கலாம். மூன்றாவது ஆளைத் தேடுவானேன் என்று யோசித்தவர், இரண்டாவது ஆளும் எதற்கு என்று யோசித்துவிட்டார். ஜார்ஜியை மட்டும் வரவழைத்துச் சொன்னார். அவள் ஊர் திரும்பியபோது மில்லி சமையலறையில் கோலாச்சி ரொட்டிக்குள் கசகசாப் பூரணம் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மில்லிக்கா, அல்பீனாக்கா பாடறது எனக்கு வந்துடுது. ஒன்னோடதுதான் வரல.”

“பக்கத்துலயே நின்னுதானடி இத்தன வருஷம் பாடின?”

“நின்னேன். தனியா காதுல விழுந்ததே இல்ல. சொல்லிக் குடு.”

“எதுக்கு?”

“மூணு குரலும் நானே பாடணுமாம்.”

“அப்ப நான்?”

“தட்டு மேல ஸ்கலா சகோதரிகள்னுதான் போடுவாங்க. நீயும் இருப்பக்கா.”

“பேர்ல.”

(ஜார்ஜியைப் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. இருபத்திரண்டு வயதில் சிகாகோ கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார்கள்? நானும் போயிருப்பேன். ஆனாலும் அந்தச் சமையலறையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது.)

4

இங்கே மூன்று வழிகள். மில்லி மறுத்துவிடுகிறாள். அல்லது அழுதுகொண்டே சொல்லிக்கொடுக்கிறாள். அல்லது வேண்டுமென்றே ஓர் இடத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறாள். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “அந்த ஒரு சுரத்தை மட்டும் மில்லி கொஞ்சம் தாழ்த்தி…” என்று எழுதி, மில்லியிடம் சொல்லியும் காட்டினேன்.

“நீ சினிமா நெறைய பாக்கற” என்றார் மில்லி. “தப்பா சொல்லிக் குடுத்தா கெட்டுப்போறது என் பாட்டுதானே? ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தேன். மூச்சு எங்க விடணுங்கறது வரைக்கும். அதுக்கப்புறம் அவகூடப் பேசறத விட்டுட்டேன்.”

“அந்தத் தட்டக் கேட்டீங்களா?”

“நான் எதுக்குக் கேக்கணும்? என் எடத்துல அவ உக்காந்திருக்கற அழக, போய் வேற பாக்கணுமா?”

அல்பீனா இறந்துவிட்டாள். ஜார்ஜி ஓமஹாவில் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொலைபேசி அடிக்கிறது. மில்லி டிவியின் சத்தத்தைக் கூட்டிவைக்கிறார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இரண்டும் கேட்கும்.

5

போன வாரம் சர்ச்சில் நடந்த பழைய சாமான் விற்பனையில் அந்தத் தட்டு எனக்குக் கிடைத்தது.

மேலே ஜார்ஜி, பளிச்சென்று. கீழேயும் ஜார்ஜி, அல்பீனாவைப் போல் தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு. நடுவில் யாரும் இல்லை.

ஊசியை எடுத்து மறுபடி வைத்தேன். இல்லை. இரண்டு குரல்களுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.*

தட்டு விற்கவில்லை. ஸ்கலா சகோதரிகளின் பாட்டு அதோடு முடிந்துபோனது. தான் பாடாமல் விட்டதை ஜார்ஜி அக்காவிடம் சொல்லவில்லையா, சொல்ல அக்கா விடவில்லையா, எனக்குத் தெரியாது.

(* பாட வரவில்லையா, பாட மனம் வரவில்லையா? கெஸ்லர் எப்படி ஒப்புக்கொண்டார்? கெட்டிக்காரக் கதாசிரியர் யாராவது இதற்கெல்லாம் காரணம் செய்து வைத்திருப்பார். நான் ஓமஹாவுக்குத் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார்.)

6

மில்லியிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் சொன்னால் அதையும் சினிமா என்பார்.

இன்று அவர் துவைக்கும் நாள். என் வாசலைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டும். கதவைத் திறந்துவைத்திருக்கிறேன். தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் ஊசியை வைத்தேன்.

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. முதல் சரணம் முடியும்வரை படியில் எந்த அசைவும் இல்லை. வேண்டுமென்றே நான் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு துணிக்கூடையைத் தரையில் வைக்கும் சத்தம்.

இரண்டாவது சரணம் ஆரம்பிக்கப் போகிறது. நடுவில் இடம் இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுதினால் அந்த இடத்தில் நான் போய் நின்றதாகிவிடும். நீங்கள் கேளுங்கள்.