உச்சிக் கல்

எட்டு வயதில் ஒரு பெரிய ரகசியத்தை வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு மலை ஏறுவது லேசான காரியமில்லை. மார்சலி அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பிப்ரவரிப் பனி கணுக்கால் வரை புதைந்தது. பூட்ஸுக்கடியில் கட்டிய இரும்புப் பற்கள் கறுக் கறுக்கென்று பனிக்கட்டியைக் கடித்தன. அவளோ அப்பா, அம்மா இருவரையும் முந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடியைத் தாண்டிய மலைகளுக்கு மன்ரோ என்று பெயர். மொத்தம் இருநூற்று எண்பத்திரண்டு. அத்தனையும் ஏறி முடித்தவர் அவள் அப்பா ரூரி என்றுதான் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கடைசி மலையான இந்த பென் லூரனில் கேக் வெட்டியாயிற்று, விஸ்கி குடித்தாயிற்று, சான்றிதழும் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. போன மாதம் அன்று எடுத்த போட்டோவை வரைபடத்தோடு வைத்துப் பார்த்த அப்பாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பென் லூரனின் தலையில் இரண்டு கற்குவியல்கள். அன்றைய மூடுபனியில் அவர் கைவைத்தது தாழ்ந்த குவியலில். உயர்ந்த குவியலில் இருக்கும் உச்சிக் கல்லைத் தொடாவிட்டால் அந்த மலை கணக்கில் சேராது. இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

"அம்மாகிட்ட மூச்சு விட்றாத," என்று பக்கத்திலிருந்த மகளிடம் கெஞ்சினார். "ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

அதனால்தான் 'மார்சலியோட முதல் மன்ரோ' என்று சாக்குச் சொல்லி மூவரும் கிளம்பியிருந்தார்கள். சாக்கு என்றாலும் அது உண்மையும்தான். அப்பாவின் கடைசி மலை, அவளுடைய முதல் மலை. நினைக்க நினைக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அம்மா கிர்ஸ்டி மலை மீட்புக் குழுவில் இருப்பவள். வழி தவறியவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி இறக்கிய கை. காரை நிறுத்தும்போதே சொல்லிவிட்டாள்.

"ஒரு மணியானா திரும்பறோம். உச்சி மூக்குக்கு முன்னால நின்னாலும் திரும்பறோம். அழுகை, கெஞ்சல் எதுவும் செல்லாது. ரூரி, உனக்கும்தான்."

"முயல்! வெள்ள முயல்!" என்று மார்சலி கத்தியதில் ஐந்து நிமிஷம் போயிற்று. கையுறை ஒன்று காற்றில் பறந்து, அதைத் துரத்தியதில் பத்து நிமிஷம். முதல் கற்குவியலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு.

அம்மா பிளாஸ்கைத் திறந்து தக்காளி சூப்பை ஊற்றினாள். "சபாஷ்டி என் சிங்கக்குட்டி! முதல் மன்ரோ! இதக் குடி, இறங்கிடலாம். கீழேர்ந்து மூடுபனி ஏறுது பாரு."

மார்சலி சூப்பைத் தொடவில்லை. எதிரே ஒரு பள்ளம், அதைத் தாண்டி ஒரு மேடு, அதன் தலையில் வெள்ளையாக இன்னொரு குவியல். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, அது இத விட உசரமா இருக்கே!"

"அதெப்படி? உங்கப்பா இதத்தான தொட்டாரு." அம்மா திரும்பினாள். "ஏன் ரூரி, இதானே உச்சி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பும். ஆனால் மகளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, தொடாத உச்சியைத் தொட்டதாக அவளையும் எப்படிச் சொல்ல வைப்பது? மார்சலி அப்பாவைப் பார்த்தாள்.

"இல்ல கிர்ஸ்டி," என்றார். "அதுதான் உச்சி. நான் அன்னிக்குத் தப்பான கல்லத் தொட்டுட்டேன்."

"அப்பாடா! இதச் சொல்ல உனக்கு மூணு வருஷமாச்சா? மேடு இன்னும் போகுதுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லயா? மேப் பாக்க எனக்குக் கத்துத் தரேன்னியே!"

"தெரிஞ்சுமா கேக் வெட்ட விட்ட?"

"கேக் நல்லா இருந்துச்சு." அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? நடங்க!"

பள்ளத்தில் இறங்கினார்கள், மேட்டில் ஏறினார்கள். "எட்டு நிமிஷம்!" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல். "அஞ்சு!" மேலே போய்ச் சேர்ந்தால் குவியல் முழுக்கப் பனிக்கட்டி மூடியிருந்தது, தொட ஒரு கல்கூட வெளியில் இல்லை. அப்பா பனிக்கோடாலியால் கொத்தினார். சில்லுகள் தெறித்தன. உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஒரு கல் எட்டிப் பார்த்தது.

"நீ தொடும்மா முதல்ல," என்றார் அப்பா, மூச்சிரைக்க.

மார்சலி அவர் கையுறையைப் பிடித்து உருவினாள். "நீதான் முதல்ல. எனக்கு இன்னும் இருநூத்தி எண்பத்தொண்ணு பாக்கி இருக்கு."

அப்பா கைவைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் கையை எடுத்ததும் அவள் வைத்தாள். கல் சுட்டது போலக் குளிர்ந்தது. சந்தோஷத்தில் அவள் கத்திய கத்தல் பள்ளம் முழுக்கக் கேட்டது.

"கிர்ஸ்டி, வா, நீயும் தொடு."

"நான் எதுக்கு? அன்னிக்கு நீ கேக்கோட போட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்தப்பவே வந்து தொட்டுட்டுப் போயிட்டேன்." அம்மா கடிகாரத்தைக் காட்டினாள். "ஒண்ணாச்சு. இறங்குங்க."