சீசனில் மட்டும் நிற்கும் எக்சேஞ்ச்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் சுகிர்தம் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பயப்படுவாள். ஊர் உலகமெல்லாம் அருவியில் தலையைக் கொடுத்து நிற்கிற அந்த மாதங்களில்தான் அவள் பொறுப்பிலிருந்த டெலிபோன் எக்சேஞ்ச் மூச்சை நிறுத்தும்.

தென்காசியிலிருந்து அருவிக்குப் போகிற வழியில் இருக்கிறது அருவிப்புதூர். வீடுகளைவிட லாட்ஜுகள் அதிகம். எண்பத்தேழில் அங்கே எலெக்ட்ரானிக் எக்சேஞ்ச் வந்தது. ஆள் உட்கார்ந்து வயரைச் செருகிப் பேச்சை இணைத்த காலம் போய், பீரோ அளவுக் கம்ப்யூட்டர் ஒன்று தானே எல்லாவற்றையும் இணைத்தது. பெங்களூரில் பயிற்சி முடித்து வந்த ஜூனியர் இன்ஜினியர் சுகிர்தம் அதைப் பார்த்துக்கொண்டாள். கூட இருந்தவர் லைன்மேன் மாடன், அவளுக்கு மூத்தவர்.

மழையில்லாத மாதங்களில் அது குறை சொல்ல முடியாதபடி ஓடியது. முதல் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலுள்ள எல்லாப் போனும் ஒரேயடியாகச் செத்துப்போயின. பீரோவில் விளக்குகள் எரிந்தபடியே இருந்தன, ஒன்றுகூட அசையவில்லை. ரீசெட் பட்டனை அழுத்தினாள். உயிர் வந்தது. அடுத்த ஞாயிறும் அதே கதை.

ஈரமாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். உள்ளிருந்த கார்டுகளைக் கழற்றித் துடைத்து, குண்டு பல்பின் சூட்டில் காயவைத்துப் போட்டாள். பேட்டரிகளை மாற்றினாள். தென்காசிக்குப் போகிற கேபிளை மாடன் நனைந்துகொண்டே இணைப்பு இணைப்பாகப் பார்த்துவிட்டு வந்தார்.

“கேபிள் கல்லு மாதிரி இருக்கும்மா. கோளாறு உள்ளதான் கெடக்கு.”

அதன்பின் ஒரு ஞாயிறு முழுக்க அவள் கம்ப்யூட்டரின் சின்னத் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வோர் அழைப்புக்கும் அது தன் மெமரியில் ஓர் இடம் ஒதுக்கும். பேசி முடித்ததும் அந்த இடத்தைக் காலி செய்யவேண்டும். எத்தனை இடம் காலி என்று திரையில் எண் தெரியும். கூட்டம் ஏற ஏற எண் இறங்கியது. அது இயல்புதான். ஆனால் கூட்டமெல்லாம் சாப்பிடப் போய் போன்கள் அடங்கிய பிறகும் எண் பழையபடி ஏறவில்லை. பேச ஆளில்லாத இடங்களையும் கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருந்தது.

பிறகு காரணமும் பிடிபட்டது. தென்காசி லைன்கள் நிறைந்திருக்கும் நேரத்தில் ஆட்கள் டயல் செய்து, கிடைக்காத எரிச்சலில் பட்டென்று வைத்து, உடனே மறுபடி சுழற்றுவார்கள். பலர் ஒரே நேரத்தில் அப்படி வைக்கும்போது ஒன்றிரண்டு இடங்களைக் காலி செய்யக் கம்ப்யூட்டருக்கு விட்டுப்போகிறது. விட்டுப்போனவை சேர்ந்து மெமரியை அடைத்ததும், அது அப்படியே உறைந்துவிடுகிறது.

கண்டுபிடித்தாளே தவிர, அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. புரோகிராம் சிப்புக்குள் எழுதப்பட்டு வந்தது. அதில் கைவைக்க அவளுக்கு வழியில்லை. மேலிடத்துக்கு எழுதினாள். சீசன் முடிந்து, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். அவளையும் மாடனையும் ஆளுக்கொரு போனில் டயல் செய்து வைக்கச் சொன்னார். இருவரும் விரல் வலிக்கச் சுழற்றினார்கள்.

“பாருங்க, எல்லா எடமும் காலியாயிட்டு,” என்றார் திரையைக் காட்டி.

“ரெண்டு பேருக்கு வராது சார். ஊரே சேந்து அடிச்சாத்தான் வரும். சீசன்ல, ஞாயித்துக்கெழமையா வந்து பாருங்க.”

“வேற எந்த ஊர்லயும் இந்தக் கம்ப்ளைன்ட் இல்லையேம்மா.”

வேறு எந்த ஊரிலும் அருவி இல்லையே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பேசுகிறவர்கள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து அவ்வப்போது ரீசெட் செய்துகொள்ளச் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

மறு வருடம் ஆடியில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மலைமேல் பெய்த மழை திடீரென்று அருவியில் செம்மண்ணாக இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறினார்கள். சிலர் அடிபட்டார்கள், இரண்டு பேரைக் காணவில்லை என்று செய்தி பரவியது. எல்லா லாட்ஜிலிருந்தும் எல்லாரும் தங்கள் வீட்டைக் கூப்பிட்டார்கள். திரையில் எண் சரிந்து சரிந்து நின்றது. எக்சேஞ்ச் உறைந்தது.

ரீசெட் செய்தாள். எழுந்த வேகத்திலேயே மறுபடி நிரம்பி உறைந்தது. மீண்டும் அழுத்தினாள். ஒவ்வோர் அழுத்தலுக்கும், தப்பித்தவறிக் கிடைத்துப் பேசிக்கொண்டிருந்தவர்களின் பேச்சும் அறுந்தது.

போலீஸ் அவுட்போஸ்டுக்குப் போய்வந்த மாடன் வாசலில் நின்று கத்தினார். “ஆம்புலன்ஸுக்குச் சொல்ல முடியலன்னு போலீஸ்காரங்க சத்தம் போடுதாங்கம்மா! என்ன செய்ய?”

“லாட்ஜ் லைனையெல்லாம் கழட்டிருவோம் அண்ணாச்சி. போலீஸு, டாக்டர் வீடு, பஞ்சாயத்து ஆபீஸு போதும்.”

“ஊரே திட்டுமேம்மா.”

“திட்டட்டும்.”

இருவரும் இரும்புச் சட்டத்தில் வரிசையாக இருந்த லாட்ஜ் லைன்களின் பியூஸ்களைப் பிடுங்கினார்கள். அவள் ரீசெட் செய்தாள். இந்த முறை உறையாமல் ஓடியது. அவுட்போஸ்டின் அழைப்பு தென்காசிக்குப் போனது. ஆம்புலன்ஸ் வந்தது. பாறையில் மண்டை உடைந்த ஒரு பையனை அதில் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. காணாமல் போன இருவரும் மேலே ஒரு மண்டபத்தில் ஒதுங்கியிருந்தார்கள்.

மழை விட்டதும் பியூஸ்களைத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள். குறிஞ்சி லாட்ஜ் மேனேஜர் நல்லக்கண்ணு குடையுடன் உள்ளே வந்தார். அவர் பின்னால் ஓர் அம்மாள். சேலையெல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“சிவகிரிக்கு ஒரு போன் போடணுமாம்,” என்றார் நல்லக்கண்ணு தணிந்த குரலில். “இவுக வீட்டுக்காரரு தவறிட்டாரு. நம்ம லாட்ஜ்லதான் தங்கியிருந்தாங்க.”

சுகிர்தம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “அருவியிலயா?”

“அருவிக்கே போகல,” என்றாள் அந்த அம்மாள். ருக்மிணி என்பது அவள் பெயர். “ரூம்லயே இருந்தாக. நெஞ்ச அடைக்குதுன்னாக. கீழ வந்து போன எடுத்தா சத்தமே இல்ல. லாட்ஜ் ஆளுக எல்லாம் அருவிப்பக்கம் ஓடிட்டாக. டாக்டர் வீடு எங்கன இருக்குன்னு தெரியாம மழையில அலைஞ்சேன். கூட்டிட்டு வாரதுக்குள்ள கை ஜில்லுன்னு ஆயிட்டு.”

சுகிர்தம் தானே டயல் செய்தாள். சிவகிரியில் ருக்மிணியின் தம்பி கடை. லைன் முதல் தடவையிலேயே கிடைத்தது. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. ருக்மிணி பேசி அழுது முடித்து ரிசீவரை வைத்ததும் சுகிர்தம் சொன்னாள்:

“உங்க லாட்ஜ் போன நான்தாம்மா கட் பண்ணேன்.”

ருக்மிணி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. “எதுக்கும்மா?”

எதுக்கு என்று சொல்லச் சுகிர்தம் வாயைத் திறந்தாள். மெமரி, காலியாகாத இடங்கள், போன வருடம் வந்து போன அதிகாரி, பாறையில் விழுந்த பையன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எதை முதலில் சொல்வது? எதைச் சொன்னால்தான் அந்த அம்மாளுக்கு என்ன ஆகப்போகிறது? ருக்மிணி கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு மெதுவாக எழுந்து, நல்லக்கண்ணுவின் குடைக்குள் போய்விட்டாள்.

டாக்டர் சங்கரசுப்பிரமணியனை மறுநாள் சுகிர்தம் பார்த்துக் கேட்டாள், உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. “சொல்ல முடியாதும்மா,” என்றார் அவர். “பொழைச்சிருக்கவும் செய்யலாம்.”

தை மாதம், திருத்திய புரோகிராமுடன் புதிய சிப் வந்தது. வேறெங்கோ ஒரு திருவிழா ஊரில் இதே கோளாறு பெரிய அளவில் வந்ததாம். அடுத்த ஆனியில் கூட்டம் நெரிந்தது. திரையில் எண் இறங்கியது, ஏறியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோளாறு அவள் எழுதியிருந்தபடியேதான் இருந்தது என்று அதிகாரி போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். “நன்றி சார்” என்று வைத்துவிட்டாள்.

பில் கட்ட வந்த நல்லக்கண்ணு ஜன்னலில் குனிந்து, “இந்த சீசன்ல போன் ஒருக்காகூட நிக்கலையே, என்ன வைத்தியம் பண்ணீங்க?” என்று கேட்டார்.

“உள்ள ஒரு சிப்ப மாத்துனாங்க அண்ணாச்சி.”

“அவ்வளவுதானா? இத முன்னாலயே மாத்தியிருக்கலாமே.”

“மாத்தியிருக்கலாம்,” என்றாள் சுகிர்தம்.