பல் உடைந்த ரெஞ்சும் கரீபியன் தீவும்

குழாய்க்காரருக்கு வருடத்தில் பதினோரு நாள் விடுமுறை. இருபத்துநான்கு வருடங்களாக அந்தப் பதினோரு நாளையும் அவர் தன் அக்கா வீட்டில்தான் கழித்தார். மல்லாந்து படுத்துக் கழித்தார் என்றால் இன்னும் சரி. தலை வாஷ்பேசினுக்கு அடியில், கால் வராந்தாவில்.

அக்கா வீட்டுக் குழாய்கள் அப்படி. வருடம் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு, தம்பியின் விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னால் கூடிப் பேசித் தீர்மானம் போட்டதுபோல ஒழுக ஆரம்பிக்கும். ஒரு வருடம் சமையலறைக் குழாய் அத்தனை துல்லியமாகச் சொட்டியதில், அடுத்த வீட்டுக்காரர் தன் சுவர்க்கடிகாரத்தையே விற்றுவிட்டார். இன்னொரு வருடம் மாடி ஷவரிலிருந்து இறங்கிய வெள்ளம், ஹாலில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த அத்தானை நாற்காலியோடு வாசல்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டது. செருப்பு தெருமுனையில் கிடைத்தது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம், அந்தச் செருப்பை இன்றைக்கும் அத்தான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

குழாய்க்காரரின் மனைவி தையல் கடையில் வேலை பார்ப்பவர். அவருக்கும் அந்தப் பதினோரு நாள்தான். கணவர் குழாயைப் பார்க்க, அவர் நாத்தனாரின் சமையலறையில் காய் நறுக்குவார். இந்த வருடம் ஒருநாள் மாலை, மேசைமேல் வழவழப்பான ஒரு தாளை வைத்தார். கரீபியன் கடலில் ஒரு தீவு. தண்ணீர் பச்சையா நீலமா என்று முடிவெடுக்காமலே பளபளத்தது.

“இந்த வருஷம் இங்க.”

“அக்கா என்ன சொல்லுவாங்களோ...”

“அக்கா வீட்டுக்கு நீங்க போங்க. நான் தீவுக்குப் போறேன். எனக்கும் அதே பதினோரு நாள்தாங்க.”

இதை அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். நூல் கோத்துக்கொண்டே சொன்ன எதையும் அவர் மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை. கல்யாணத்துக்குச் சம்மதமும் அப்படித்தான் சொன்னார்.

மறுநாள் பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டாள்: “சார், கடலைப் பாத்த ரூமா, தோட்டத்தைப் பாத்த ரூமா?”

“தண்ணி மேல் டேங்கிலேர்ந்து இறங்குதா, மோட்டார் வெச்சுத் தள்ளுறாங்களா?”

மனைவி அவர் காலை ஒரு மிதி மிதித்தார். “கடலைப் பாத்த ரூம்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். வெளியே வந்ததும் சட்டம் போட்டார்: “பெட்டியில ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தாக்கூட நீங்க ஏர்போர்ட்டோட நின்னுக்கலாம்.”

சும்மா இருப்பதற்குப் பயிற்சி வேண்டுமே. வீட்டுக்குப் பின்னால் இரண்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டுத் தினமும் உட்கார்ந்து பழகினார்கள். முதல் நாள் குழாய்க்காரர் நான்கு நிமிடம் தாங்கினார். ஐந்தாவது நிமிடம் கை தானாகவே நாற்காலியின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் ஒரு மணி நேரத்தை எட்டினார். உடம்பெல்லாம் வலி. இப்படி ஒரு வேலையை வாழ்நாளில் செய்ததில்லை என்று மாத்திரை போட்டுக்கொண்டார். கிளிப்படம் போட்ட அரைக்கால் சட்டை ஒன்றும் வாங்கினார். மொத்தம் இருபத்தாறு கிளிகள், உட்கார்ந்தால் பதினாறு.

பிறகுதான் அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பேசாமல் போனை வைத்தது அதுதான் முதல்முறை என்பதால், போன் கெட்டுவிட்டதென்று இவர் அதைப் பிரித்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா நேரிலேயே வந்து இறங்கினார். பின்னால் அத்தான். உள்ளே வந்ததும் வராததுமாக அக்கா பையிலிருந்து சமையலறைக் குழாயையே எடுத்து மேசைமேல் நட்ட நடுவில் வைத்தார்.

“பாத்துக்கடா. கையோட வந்துருச்சு. வால்வை மூடிட்டு, குடிக்கத் தண்ணி இல்லாம உக்காந்திருக்கோம். நீ போ, கடல்ல குளி.”

“ஆமாம்பா, ரொம்பக் கஷ்டம்” என்றார் அத்தான், மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

குழாய்க்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். பித்தளையின் கழுத்தில் ரெஞ்சின் பல் பதிந்த தடம். இரண்டு கோடு, ஓர் இடைவெளி, மறுபடி கோடுகள். மூன்றாவது பல் உடைந்த ரெஞ்ச். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அக்கா வீட்டில் காணாமல்போன அவருடைய சொந்த ரெஞ்ச். அந்தத் தடத்தை அவர் வருடா வருடம் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல் வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நிமிர்ந்தார். எதிரே மனைவி ஊசியைக் கையில் எடுத்திருந்தார். இன்னும் நூல் கோக்கவில்லை.

“அக்கா, என் ரெஞ்ச் எங்க?”

அக்கா பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எந்த ரெஞ்ச்?”

“மூணாவது பல் போன ரெஞ்ச். பத்தொன்பது வருஷமா உன் வீட்டுக் குழாயையெல்லாம் கழட்டுற ரெஞ்ச்.”

“மாடி ஷவருக்கு நான் ஸ்டூலை மட்டும்தான் பிடிச்சேன்” என்றார் அத்தான் அவசரமாக.

“நீங்க வாயை மூடுங்க!” அக்கா இடுப்பில் கை வைத்தார். “ஆமாடா, நான்தான் கழட்டினேன். இப்ப என்னங்கற? அந்த வருஷம் எல்லாத்தையும் மாத்திட்டு, ‘இனிமே ஆயுசுக்கும் ஒழுகாது, எனக்கு இங்க வேலையே இல்லக்கா’ன்னு சொன்னியே. அன்னைக்கே எடுத்து ஒளிச்சு வெச்சேன். கூப்பிட்டா வர ஆளா நீ? ஒழுகினாத்தானே வர!”

இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் குழாய்க்காரர் வாஷர் டப்பாவைத் திறந்திருப்பார். டப்பா பக்கத்திலேயே இருந்தது.

“அடுத்த வருஷம் எதுவும் ஒழுகாமலே வரேன்” என்றார். “இந்த வருஷம் தீவு.”

“அப்போ என் குழாய்?”

“கழட்டின கைதானே? மாட்டு. இடப்பக்கம் சுத்தினா கழலும், வலப்பக்கம் சுத்தினா இறுகும். இதுல பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கிளி அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மனைவியும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நூலைக் கோத்தார்.

“பெரிய வித்தை! நான் மாட்ட மாட்டேனா?” உள்ளே அக்காவின் குரல். பையிலிருந்து ரெஞ்சை எடுக்கும் சத்தம். குழாய்க்காரர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஆறு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் உழைப்பவர் வீடு எப்படி இருக்குமோ அப்படி. வித்தையைக் காட்ட அக்கா அதிலேயே கை வைத்துப் பார்த்தார். பத்தொன்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? இடப்பக்கமே சுற்றினார்.

குழாய் கூரைக்குப் போனது. பின்னாலேயே தண்ணீரும் போனது. அத்தான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“டேய்! டேய் தம்பி! வாடா!”

குழாய்க்காரரின் வலது கை தானாகவே எழுந்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

“வெளியில வால்வை மூடிட்டு, வலப்பக்கம் சுத்துக்கா” என்றார், வானத்தைப் பார்த்தபடி.

வெகுநேரம் இரைச்சல், திட்டு, இரும்பு உரசும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. ஆறு வருடச் சொட்டுச் சத்தமும் இல்லை.

அக்கா சொட்டச் சொட்ட நனைந்து பின்வாசற்படியில் வந்து நின்றார். கையில் ரெஞ்ச். அதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் முகத்தில் தெரியவில்லை.

“போடா, போ. ஆனா ஒண்ணு, அந்தத் தீவுல உன் ரூம்ல குழாய் ஒழுகத்தான் போகுது பாரு.”

“ஒழுகட்டும்” என்றார் குழாய்க்காரர்.