ஆபிரகாம் மடியில் எத்தனை பேர்

காலையிலிருந்து ஹெர்செண்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தூரிகையைக் கழுவினாள், கழுவியதையே மறுபடி கழுவினாள். பட்டறைக்கும் பேராலயத்துக்கும் நாலு நடை நடந்துவிட்டாள். இன்று மதியம் சாரத்தைப் பிரிக்கப் போகிறார்கள். சாரம் இறங்கிவிட்டால் அப்புறம் உயரத்தில் இருக்கும் அந்த வண்ணக்கண்ணாடி ஜன்னலை யார் போய்த் தொடப்போகிறார்கள்? அதுவரைக்கும் யாரும் அண்ணாந்து எண்ணிப் பார்க்காமல் இருந்தால் போதும்.

எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? ஆபிரகாம் உட்கார்ந்திருக்கிறார். மடியில் விரித்த வெள்ளைத் துணி. துணிக்குள் மோட்சம் போன ஆத்துமாக்கள், கட்டைவிரல் அளவு முகங்கள். எவ்ரார் சாமியார் கொடுத்த கணக்கு மூன்று. அந்த மனிதருக்கு எதைத் தொட்டாலும் எண்தான். மூன்று விண்ணுக்கான எண், நான்கு மண்ணுக்கான எண், மோட்சத்தில் மண் ஒட்டக்கூடாது என்பார். சுண்ணாம்பு பூசிய பலகையில் படம் வரையும்போது பக்கத்திலேயே நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு. போதும், நிறுத்து" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஹெர்செண்ட் நான்கு தீட்டியிருந்தாள்.

கண்ணாடி வெட்டுவதும் வெட்டிய துண்டுகளை ஈயப்பட்டியில் கோப்பதும் அவள் புருஷன் கோபேர். முகம் எழுதுவது அவள். போன தவக்காலத்தில் அவர்களுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. மூச்சில்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, மோட்சத்திலும் கிடையாது. என்ன சட்டமோ, போங்கள்! கோபேர் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஊர்மதிலுக்கு வெளியே அகழிக்கரையில் புதைத்துவிட்டு வந்தான். கையைக் கழுவிக்கொண்டு ஈயம் உருக்க உட்கார்ந்தவன், இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

அந்த ஆத்திரத்தில்தான் தீட்டினாள். துணியின் மடிப்போரத்தில், மற்ற மூன்றையும்விடச் சின்னதாக ஒரு முகம். சூளையில் வெந்து வந்த வண்ணத்தை இனி யாரும் சுரண்ட முடியாது, துண்டையே கழற்றினால்தான் உண்டு. அதை ஈயத்தில் கோத்தவன் கோபேர். பார்த்தானா, பார்க்கவில்லையா? வாயைத் திறக்கவில்லை பாவி மனுஷன். அதுவே அவளை அரித்துத் தின்றது.

ஐந்தாவது தடவை அவள் ஆலயத்துக்குள் நுழைந்தபோது சாரம் கட்டும் லம்பேர் எதிரே வந்தான்.

"என்னக்கா, கால்ல சக்கரம் கட்டியிருக்கா? சும்மா சும்மா வர்றே."

"நீ இன்னும் பிரிக்க ஆரம்பிக்கலையா?"

"சாமியார் நிறுத்தச் சொல்லிட்டார்க்கா. நான் தமாஷுக்குத்தான் சொன்னேன், 'நம்ம ஆபிரகாமுக்குக் குடும்பம் பெருத்துப்போச்சு, நாலு பேர் இருக்காங்க'ன்னு. மனுஷன் மூஞ்சியே மாறிப்போச்சு."

"அடப்பாவி! உன் வாயில இடி விழ!"

"இருந்ததைத்தானேக்கா சொன்னேன்!"

பேசிக்கொண்டிருக்கும்போதே எவ்ரார் சாமியார் வந்துவிட்டார். கையில் ஊர்ப் புனிதரின் பல் இருந்த வெள்ளிப் பேழை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, கண்ணை இடுக்கி மேலே பார்த்தார். மேலே சாரத்தில் கோபேர் நின்றுகொண்டிருந்தான்.

"நீலமாத் தெரியுது, வெள்ளையாத் தெரியுது. அதுக்கு மேல என் கண்ணுக்கு எட்டலை. ஏறலாம்னா முட்டி கேட்கலை" என்றார். "இந்த லம்பேருக்குப் பத்துக்கு மேல எண்ணணும்னா செருப்பைக் கழட்டணும். எழுதினவ நீ. நீ சொல்லும்மா, எத்தனை?"

ஹெர்செண்ட் ஓரடி பின்வாங்கினாள்.

"பயப்படாதே. நாலுன்னா அந்தத் துண்டைக் கழட்டிட்டு வேற வெச்சுக்கலாம். திட்ட மாட்டேன். இதுமேல கையை வெச்சுச் சொல்லு."

பேழையை நீட்டினார். வெள்ளி சில்லென்றிருந்தது. பேழைமேல் பொய்ச்சத்தியம் செய்தவர்கள் எங்கே போவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஜன்னலின் அடிக்கட்டத்தில் அவளே எழுதியிருக்கிறாள், பிசாசு குறடு வைத்து நாக்கை இழுக்கிற படத்தை. அங்கிருந்து ஆபிரகாம் மடிக்கு வழி இல்லை, நடுவில் தாண்ட முடியாத பள்ளம். பொய் சொன்னால் பிள்ளை அந்த மடியில் இருப்பான், அவள் என்றைக்கும் அவனைப் பார்க்கப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்கு மறுபடியும் அகழிக்கரைதான்.

அண்ணாந்து பார்த்தாள். மதிய வெயிலில் துணி பளிச்சென்றிருந்தது. அவள் கண்ணில் முதலில் பட்டதே அந்தச் சின்ன முகம்தான்.

"மூணு, சாமி."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"மூணுதான்."

சாமியாருக்கு மனசு ஆறவில்லை. "கோபேர்! இறங்கி வா இங்கே!"

ஏணி கிறீச்சிட்டது. இவன் பொய்யே பேசத் தெரியாதவன். சந்தையில் கீறல் விழுந்த கண்ணாடியைக்கூட "இது கீறல்" என்று தானே காட்டிக்கொடுத்து நஷ்டப்படுகிறவன். என்னங்க, வேண்டாங்க, வாயை மூடிக்கிட்டு நில்லுங்க என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நேராக வந்தான். ஈயக்கரி படிந்த கையை இடுப்புத்துணியில் துடைத்துவிட்டு, பேழைமேல் இருந்த அவள் கைமேலேயே வைத்தான்.

"மூணு, சாமி. நானே கோத்தேன். எனக்குத் தெரியாதா?"

"அப்போ சரி. பிரிங்கப்பா!" என்று சொல்லிவிட்டு சாமியார் பேழையோடு போய்விட்டார். லம்பேர் தலையைச் சொறிந்தபடி ஏணியில் ஏறினான். முதல் மரக்கழி தடதடவென்று கீழே விழுந்தது.

கோபேர் அவள் கையை இன்னும் விடவில்லை.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க" என்றாள். "நான் ஒருத்தி போனாப் பத்தாதா? இனி நம்ம ரெண்டு பேருக்கும் அந்த மடியில இடமில்லையேங்க."

"அவனுக்கு இருக்குல்ல" என்றான் கோபேர்.